ஆட்டக் கணக்கும் வினைக் கணக்கும்

கூடைப்பந்தில் பன்னாட்டு ஆட்டம் ஒன்று முடிந்ததும் மேசையில் இரண்டு தாள்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, வெற்றி தோல்வியை உறுதிசெய்யும் ஸ்கோர் ஷீட். மற்றது வீரர்களின் புள்ளிவிவரத் தாள். இரண்டாவது தாளில் வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. களத்தில் நின்ற நிமிடங்கள், எறிந்தவை, விழுந்தவை, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், டர்ன்ஓவர், ஃபவுல், புள்ளி என்று அந்த வரி நீளும். பன்னாட்டுச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதிகள். ஒரு நேரத்தில் ஐவர் ஆடுவதால், கூடுதல் நேரத்துக்குப் போகாத ஆட்டத்தில் ஓர் அணி வீரர்களின் நிமிடங்களைக் கூட்டினால் 200 வரவேண்டும். அவர்களின் புள்ளிகளைக் கூட்டினால் அணியின் புள்ளி வரவேண்டும். வரவில்லையென்றால் எழுதியவர் எங்கோ பிசகிவிட்டார் என்று பொருள்.

இத்தனை கட்டங்களும் திரும்பத் திரும்ப ஒரே வகைக் கூற்றைத்தான் சொல்கின்றன: இன்ன செயலை இன்னார் செய்தார். எளிதாகத் தோன்றும் இந்தக் கூற்றை இந்தியச் சமய மரபுகள் நெடுங்காலமாகப் பிரித்துப் பார்த்து வாதிட்டிருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், சாக்கிய நாயனாரின் வரலாற்றில் அந்த வாதத்தின் சாரத்தைச் சில சொற்களில் அடக்கிவிடுகிறார். சாக்கியர் திருச்சங்கமங்கையில் பிறந்து, காஞ்சி சென்று, பௌத்த நூல்களைக் கற்றவர். செயல், செய்பவன், அதன் பயன், அந்தப் பயனைக் கொண்டுசேர்ப்பவன் என நான்கு உண்டு என்பதும், இந்த நான்கையும் ஒருங்கே ஒப்புவது சைவம் ஒன்றே என்பதும் அவர் கண்ட முடிபு. புள்ளிவிவரத் தாளை இந்த நான்கோடு வைத்துப் பார்த்தால் முதல் மூன்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. நான்காமவர் தாளில் இல்லை. மேசையருகே உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

இந்த விளையாட்டே சமயக் கல்வி பெற்ற ஒருவரிடமிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நைஸ்மித் இறையியல் பட்டம் பெற்றவர். குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குக் கீழே ஆடுவதற்காக 1891 டிசம்பரில் 13 விதிகளை எழுதி, இரண்டு பீச் பழக் கூடைகளை உடற்பயிற்சிக்கூட மாடத்தின் கைப்பிடியில் மாட்டினார். அணிக்கு ஒன்பது பேராக ஆடிய முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு பந்து. அன்று ‘யார் போட்டது’ என்ற ஒரு குறிப்பே முழுப் புள்ளிவிவரம். அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கம்தான் கூடைப்பந்தை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளியும் அவ்வியக்கத்தினுடையதே.

முதலில் செயல். ஒரு கூடை விழுவதை எடுத்துக்கொள்ளலாம். பந்தைக் கையில் வைத்திருப்பவர் வலப்பக்கம் பாய்கிறார். உயரமான சகவீரர் ஒருவர் குறுக்கே வந்து சிலைபோல் நின்று, துரத்தி வருபவரை மறிக்கிறார். இதற்கு ஸ்க்ரீன் என்று பெயர். மறிக்கப்பட்டவருக்கு உதவ இன்னொரு எதிராளி ஓடிவர, அவர் விட்டுவந்த இடம் காலியாகிறது. பந்து அங்கே போகிறது. வாங்கியவர் எறிவதுபோல் பாவனைகாட்டி, மூலையில் நிற்பவருக்குத் தட்டிவிடுகிறார். மூலையில் இருந்தவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறார், விழுகிறது. இத்தனை நேரமும் மறுகோடியில் ஐந்தாமவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அவரை விட்டுவிட்டு வரமுடியாமல் ஓர் எதிராளி அங்கேயே கட்டுண்டு கிடந்தார். தாளில் ஏறுவது இரண்டே குறிப்புகள்: எறிந்தவருக்கு மூன்று புள்ளி, கடைசியாகக் கொடுத்தவருக்கு ஓர் அசிஸ்ட். பாய்ந்தவர், மறித்தவர், அசையாமல் நின்றவர் ஆகிய மூவருக்கும் அந்த ஆறேழு நொடிகளில் ஒன்றும் இல்லை.

பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களைச் சொல்கிறது: நிலைக்களம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தன்னை மட்டுமே செய்பவனாகக் காண்பவன் உள்ளதைக் காணவில்லை என்றும் அது சொல்கிறது. சமணம் இதை வேறு வழியில் நுணுக்கியது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூன்றாகப் பிரித்து, மூன்றுக்கும் வினை ஒட்டும் என்றது. கூடைப்பந்துத் தாள் இதில் பாதி தூரம் வந்திருக்கிறது என்று சொல்லலாம். அசிஸ்ட் என்பது செய்வித்தலுக்கான கட்டம். உடன்பட்டு நின்றவருக்குத்தான் இன்னும் கட்டம் இல்லை.

அந்தக் குறையை வேறொரு கட்டம் ஈடுசெய்யப் பார்க்கிறது. பிளஸ்–மைனஸ் என்ற கணக்கு, ஒருவர் களத்தில் நின்ற நேரத்தில் அவர் அணி எடுத்த புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். பந்தைத் தொடாதவருக்கும் உண்டு. 2014 ஜூலையில் சீனாவின் வூஹானில் நடந்த ஃபிபா ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய ஆடவர் அணி சீனாவை 65–58 என்று வென்றது. இந்தியக் கூடைப்பந்தில் மறக்கமுடியாத வெற்றி அது. வித்தியாசம் ஏழு புள்ளி. ஆனால் அப்படியோர் ஆட்டத்தில் வென்ற அணி வீரர்களின் பிளஸ்–மைனஸை எல்லாம் கூட்டினால் 7 வராது, 35 வரும். விழும் ஒவ்வொரு கூடையும் களத்தில் நின்ற ஐவருக்கும் முழுமையாக எழுதப்படுவதே காரணம். ஐந்தில் ஒரு பங்கு என்று யாருக்கும் பிரிப்பதில்லை. இங்கே ஒரு பழைய கேள்வி கண்முன்னே நிற்கிறது: பலர் சேர்ந்து செய்த செயலின் பயன், சொத்துப்போல் பங்காகப் பிரியுமா, பிரியாமல் ஒவ்வொருவருக்கும் முழுதாக வந்து சேருமா? சமணத்தின் விடை பின்னதன் பக்கம் சாய்கிறது. உடன்பட்டவன், தான் கையால் செய்யவில்லை என்பதற்காகக் கால்பங்கு வினையோடு தப்பிவிட முடியாது. புள்ளிக் கட்டம் பங்குக் கணக்கு, பிளஸ்–மைனஸ் முழுக்கணக்கு. ஒரே தாளில் இரண்டும் அருகருகே இருப்பதை வாசகர் கவனிப்பதில்லை, அதனாலேயே ஒன்றைக்கொண்டு மற்றொன்றைப் பொய்யாக்கும் வீண் சண்டைகள் நடக்கின்றன. இரண்டும் உண்மை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடை.

செய்பவனும் பயனும் பிரிந்துபோகும் விந்தையான விதி ஒன்று ஃபிபா நூலில் இருக்கிறது. ஒருவர் தவறுதலாகத் தன் அணியின் கூடையிலேயே பந்தைப் போட்டுவிட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. அதை ஸ்கோர் ஷீட்டில், அப்போது களத்தில் இருக்கும் எதிரணித் தலைவர் போட்டதாக எழுதவேண்டும். அந்தத் தலைவர் பந்தை எறியவில்லை, தொடவில்லை, ஒருவேளை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். வினைக்கொள்கையைக் காத்த எல்லாத் தரப்பினரும் இரண்டு குற்றங்களை ஒருமனதாக மறுத்தார்கள். செய்த வினை பயன்தராமல் அழிவது ஒன்று; செய்யாத வினையின் பயன் ஒருவனை வந்தடைவது மற்றொன்று. வடமொழித் தருக்கத்தில் கிருதநாசம், அகிருதாப்யாகமம் என்ற பெயர்களில் எதிரியின் கொள்கையை உடைக்கப் பயன்பட்ட கூர்மையான ஆயுதங்கள் இவை. இந்த ஒரே விதி இரண்டு குற்றங்களையும் ஒருசேரச் செய்கிறது. கூட்டுத்தொகை நேராக வேண்டும் என்பதற்காக, நடந்த செயலை ஒருவர் வரியிலிருந்து எடுத்து, செய்யாதவர் வரியில் வைக்கிறது.

அதே விதியின் அடுத்த பகுதி இன்னும் ஆழமானது. தன் கூடையில் வேண்டுமென்றே பந்தைப் போட்டால் அது விதிமீறல், புள்ளி கிடையாது. கை ஒன்று, பந்து ஒன்று, விழுந்த கூடையும் ஒன்று. உள்ளக் கருத்து மாறியதும் நடந்த நிகழ்ச்சி கணக்கிலேயே இல்லாமல் போகிறது. எண்ணமே வினை என்பது புத்தர் காலந்தொட்டு வரும் பௌத்தத்தின் அடிப்படைப் போதனை. சாக்கிய நாயனாரின் கதையும் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. பௌத்தத் துறவியின் கோலத்திலேயே இருந்துகொண்டு அவர் நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல்லை எறிந்தார். அன்பினால் எறிந்தார், மலராகவே எறிந்தார். ஒருநாள் உண்ண உட்கார்ந்தபோது கல்லெறிய மறந்தது நினைவுக்கு வர, உணவை விட்டு ஓடிப்போய் எறிந்தார். பார்த்து எழுதுபவர் ஒருவர் அங்கே இருந்திருந்தால் தாளில் ‘கல்லெறிந்தார்’ என்றுதான் பதிந்திருப்பார். அந்தப் பதிவில் பொய் எதுவும் இல்லை. எறிந்தது என்ன என்பது மட்டும் அதில் இல்லை.

நான்காவது, பயனைக் கொண்டுசேர்ப்பவர். இதில்தான் மரபுகள் கடுமையாகப் பிரிகின்றன. மீமாம்சகர்கள் வேள்விச் செயலிலிருந்து அபூர்வம் என்ற ஆற்றல் பிறக்கிறது, அதுவே உரிய காலத்தில் பயனைத் தரும், இடையில் கடவுள் வேண்டியதில்லை என்றனர். சைவ சித்தாந்தம் இதை ஏற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதமும் அதன் வழிநூல்களும் சொல்லும் காரணம் தெளிவானது. வினை சடம், அதற்கு அறிவு கிடையாது. தன்னைச் செய்தவன் யார் என்று தேடிப்போய் ஒட்டிக்கொள்ள அதனால் முடியாது. உயிரும் தன் தீவினைப் பயனைத் தானாகத் தேர்ந்தெடுத்து அனுபவிக்க முன்வராது. ஆகவே இரண்டையும் அறிந்து கூட்டுவிக்கும் அறிவுடைய ஒருவன் வேண்டும்.

புள்ளிவிவரத் தாள் சித்தாந்தத்தின் பக்கமே சாட்சி சொல்கிறது. விழுந்த பந்து தானாகத் தாளில் போய் உட்காருவதில்லை. கூடை விழுந்தது கண்ணுக்குத் தெரியும். அதற்கு முந்திய கைமாற்றம் அசிஸ்டா, சும்மா தட்டிவிட்டதா என்பது தீர்ப்பு. கூடைக்கு நேரே வழிகோலிய கைமாற்றம்தான் அசிஸ்ட் என்பார்கள். வாங்கியவர் இரண்டு முறை தட்டி, ஓர் ஆளை ஏமாற்றிவிட்டுப் போட்டால் ‘நேரே’ என்பது எங்கே முடிகிறது? எழுதுபவர் முடிவுசெய்கிறார். பந்து இருவர் கைபட்டு வெளியேறும்போது டர்ன்ஓவர் யாருடையது என்பதையும் அவரே முடிவுசெய்கிறார்.

தனிவீரர் வரி மட்டுமல்ல, ஆட்டத்தின் முடிவே தீர்ப்பில் நின்றதுண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கடைசி மூன்று நொடிகள் திரும்பத் திரும்ப ஆடப்பட்டன. மூன்றாம் முறை இவான் எடெஷ்கோ கோர்ட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வீசிய பந்தைப் பிடித்து அலெக்சாண்டர் பெலோவ் கூடையில் போட, சோவியத் அணி 51–50 என்று அமெரிக்காவை வென்றது. முறையீட்டுக் குழு 3–2 என்ற வாக்கில் அந்த முடிவை உறுதிசெய்தது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தைப் பெற மறுத்துவிட்டார்கள். 51–50 என்ற எண் இன்றும் பதிவில் இருக்கிறது. அதன் அடியில் ஐந்து பேரின் வாக்கு இருக்கிறது. மனிதத் தீர்ப்பாளருக்கும் சித்தாந்தம் பேசும் இறைவனுக்கும் இடையிலான தூரம் இங்கேதான்: அவன் வாக்கெடுப்பதில்லை, முற்றும் அறிந்தே கூட்டுகிறான் என்பதே அக்கொள்கை.

எண் என்பது பொருளில் இருக்கிறதா, எண்ணுபவர் மனத்தில் இருக்கிறதா என்ற கேள்வியை வைசேடிகர்கள் நேராகவே எடுத்துப் பேசினார்கள். அவர்கள் வகுத்த 24 குணங்களில் எண்ணும் ஒன்று, நிறத்தையும் சுவையையும் போல. ஆனால் ஒருமை மட்டுமே பொருளோடு இயல்பாக இருக்கும். இரண்டு முதலான எண்கள், ‘இது ஒன்று, இது ஒன்று’ என்று சேர்த்துப் பார்க்கும் அறிவினால் பிறக்கின்றன. அந்தச் சேர்த்தறிவை அபேட்சாபுத்தி என்றனர். அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகத்தை 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கியதால் இந்தச் சிந்தனை தமிழிலும் பயிலப்பட்டது. ‘22 புள்ளி எடுத்தார்’ என்ற கூற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால், களத்தில் நடந்தவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கூடைகள். 22 என்பது பார்த்தவர் சேர்த்தபோது தோன்றியது. அது பொய்யல்ல, தோற்றமயக்கமும் அல்ல. ஆனால் அதை அந்த வீரரின் உள்ளே இருக்கும் அளவாக, அவருடைய எடையைப்போல நினைப்பது பிழை.

சேர்ப்பதைவிடப் பெரிய துணிச்சல் கழிப்பது. ஃபிபா தாளின் கடைசிக் கட்டங்களில் ஒன்று செயல்திறன் மதிப்பு. புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் எல்லாவற்றையும் கூட்டி, தவறிய எறிகளையும் டர்ன்ஓவர்களையும் கழித்து, ஒருவருக்கு ஒரே எண்ணைத் தருகிறார்கள். நல்லதும் கெட்டதும் ஒரே தட்டில் நேர்செய்யப்படுகின்றன. வினைக்கொள்கை பொதுவாக இதற்கு உடன்படாது. நல்வினையும் தீவினையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை; தனித்தனியே அனுபவித்துத் தீரவேண்டும். மகாபாரதத்தின் இறுதியில் தருமபுத்திரர் வாழ்நாள் முழுதும் சேர்த்த அறத்தையும் மீறி, துரோணரை வீழ்த்தச் சொன்ன அந்த ஒரு பொய்க்காக நரகத்தைக் கண்டுவர நேர்கிறது. துரியோதனனோ தன் பங்கு நன்மைக்காகச் சொர்க்கத்தில் வீற்றிருக்கிறான். இருவருக்கும் ஒரே எண்ணாகக் கழித்துக் கணக்கிட்டிருந்தால் இந்தக் காட்சியே நிகழ்ந்திராது.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலையின் தலபுராணம் இதே நியாயத்தின் மேல் நிற்கிறது. தீர்த்தகிரீசுவரரும் வடிவாம்பிகையும் எழுந்தருளிய மலை அது. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம். இராவணனை வென்று திரும்பும் இராமன் அங்கே சிவனை வழிபட்டதாகத் தலவரலாறு சொல்கிறது. உலகுக்கு நன்மையான வெற்றிதான் அது. ஆயினும் இராவணன் வேதியர் குலத்தவன் என்பதால் அவனைக் கொன்ற பாவம் இராமனின் கணக்கில் தனியே நின்றது. வெற்றியின் பெருமை அதில் ஒரு துளியையும் கழிக்கவில்லை. அதற்குத் தனி வழிபாடு, தனிப் பிராயச்சித்தம், தனித் தீர்த்தம் வேண்டியிருந்தது. பாறை இடுக்கிலிருந்து விழும் இராம தீர்த்தத்தின் கீழ் தலையை நீட்டி நிற்கும் பக்தர்கள், செய்த புண்ணியத்தைக் காட்டிச் செய்த பாவத்தை நேர்செய்து தரும்படி கேட்பதில்லை. பாவம் தீரவேண்டும் என்றே கேட்கிறார்கள். சமயம் இந்த இரண்டையும் கலக்காமல் காத்தது மிகச் சரி. 12 புள்ளி எடுத்து 6 டர்ன்ஓவர் கொடுத்தவரும், பிழையின்றி 6 புள்ளி எடுத்தவரும், மற்ற கட்டங்கள் சமமானால், செயல்திறன் மதிப்பில் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆட்டத்தைப் பார்த்த யாரும் அவர்களை ஒன்றென்று சொல்லமாட்டார்கள்.

அதே தலபுராணத்தில் எழுதப்படாத முயற்சியைப் பற்றிய பகுதியும் உண்டு. வழிபாட்டுக்குக் காசியிலிருந்து கங்கைநீர் கொண்டுவர அனுமனை அனுப்பினான் இராமன். வேளை தப்பிக்கொண்டிருந்தது. இராமன் அம்பை எய்ய, மலையிலேயே நீர் பெருகியது, பூசை முடிந்தது. தாமதமாக வந்த அனுமன், தன் நீருக்கு வேலையில்லை என்று கண்டு அதை வீசியெறிந்தான். அது தென்பெண்ணைக் கரையில் விழுந்தது. அந்த இடம் அனுமந்தீர்த்தம் என்ற பெயரில் இன்றும் நீராடும் தலம். இராமேசுவரத்திலும் அனுமன் கயிலையிலிருந்து இலிங்கத்தோடு தாமதமாகவே வருகிறான். அங்கே அவன் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்கே முதல் பூசை. பயன்படாத முயற்சியை எங்கே எழுதுவது என்ற கேள்விக்கு இவ்விரு தலங்களும் ஓர் ஊரையும் ஒரு பூசைமுறையையும் விடையாகக் கொடுத்திருக்கின்றன.

புள்ளிவிவரத் தாளுக்கு அந்தத் தாராளம் இல்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் ஸ்டீலும் பிளாக்கும் 1973–74 பருவம் முதல்தான் அதிகாரபூர்வமாக எண்ணப்பட்டன. 13 பருவங்களில் 11 பட்டங்கள் வென்ற பில் ரஸ்ஸல் பந்தைத் தடுப்பதில் இணையற்றவர், 1969இல் ஓய்வுபெற்றார். அவர் பெயருக்கு நேரே பிளாக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையைச் சுழியம் என்று வாசிக்கக்கூடாது. தருக்க நூலார் இன்மையை, அதாவது அபாவத்தை, ஏழாவது பதார்த்தமாக வைத்தார்கள். தரையைப் பார்த்தவனுக்கே தரையில் குடம் இல்லை என்று தெரியும். கட்டம் போட்டு, கவனித்து, ஒன்றும் நிகழாதபோது எழுதும் சுழியம் அத்தகைய அறிவு. கட்டமே இல்லாத காலத்தின் வெறுமை அறிவே அல்ல. அது ரஸ்ஸலைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இப்போது பல கேமராக்கள் ஒவ்வொரு அசைவையும் பின்தொடர்ந்து, ஸ்க்ரீன் போட்டவரையும் பந்தை விரல்நுனியால் திசைமாற்றியவரையும்கூட எண்ணுகின்றன. கட்டங்கள் பெருகப் பெருக வெறுமை குறையும், நல்லதே. ஆனால் யாருடைய செயல் என்ற தீர்ப்புக்கான தேவை குறைவதில்லை. புதிய கட்டம் ஒவ்வொன்றும் புதிய தீர்ப்பொன்றைக் கேட்கிறது.

தாளின் அடியில், வீரர் பெயர்கள் முடிந்தபின், ‘அணி’ என்று ஒரு வரி இருக்கும். எறி தவறி, யார் கையிலும் அடங்காமல் பந்து வெளியே போய், வீசும் உரிமை ஓர் அணிக்குக் கிடைத்தால் அந்த ரீபவுண்ட் எந்த வீரருக்கும் போகாது, அணிக்குப் போகும். செயலும் பயனும் இருந்து, தனிச் செய்பவர் இல்லாத ஒரே வரி அது. சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் பேசும் நிலையை இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. இறைவனோடு ஒன்றி, அவன் பணியில் நிற்கும் உயிரிடம் ‘நான் செய்தேன்’ என்ற முனைப்பு இராது. அதனால் புதுவினை ஏறாது என்கிறது அச்சூத்திரம். அங்கே செய்பவன் மறைந்துவிடவில்லை. உயிர் விரும்புகிறது, அறிகிறது, செய்கிறது. செயலைத் தனதென்று பற்றுவதை மட்டும் விட்டுவிட்டது. அப்படியொரு வீரர் களத்தில் இருந்தாலும் அவர் பெயருக்கு நேரே புள்ளிகள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். தாளுக்குப் பற்று தெரியாது.

ஒப்புமை ஓர் இடத்தோடு நின்றுவிடுகிறது. கூடைப்பந்தில் தலைமை நடுவர் ஸ்கோர் ஷீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டதும் நடுவர்களின் பொறுப்பு முடிகிறது; அடுத்த ஆட்டம் வெற்றுத்தாளில் தொடங்குகிறது. சித்தாந்தத்தின் வினைக்கணக்குக்கு அப்படி வெற்றுத்தாள் இல்லை. முன்பு ஈட்டியவை சஞ்சிதமாகக் கிடக்க, அவற்றில் ஒரு பகுதி பிராரத்தமாக இப்பிறவியில் அனுபவத்துக்கு வர, அனுபவிக்கும்போதே ஆகாமியம் புதிதாக ஏறுகிறது. அது முடிவது ஆணவ மலம் பக்குவப்பட்டு, நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒப்ப நோக்கும் இருவினையொப்பு வாய்த்தபின்புதான். அந்த ஒப்பு, கூட்டிக் கழித்து வரும் சுழியம் அன்று. கணக்கில் இரண்டு பக்கமும் நிறைந்திருக்கும்போதே வரக்கூடிய மனநிலை அது.